ரூஜ் ஆற்றுப் பக்கம் நடக்கப் போறீங்களா? கேட்டதும் சொன்னதும்

ரொறொன்ரோவின் கிழக்கே ஸ்காபுறோ, மார்க்கம், பிக்கறிங் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா கிட்டத்தான். ஆனாலும் மிருகக்காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டு அப்படியே வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கிறவன் நான் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. இந்தமுறை வந்தவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணா, மாமிக்கு முழங்கால் நோ. சின்னவனுக்கு இரண்டு வயது, ஸ்ட்ரோலர் வேணும். எங்களுக்கு ஏற்ற பாதை இருக்கா? (மார்க்கம்)

இருக்கு தங்கச்சி, ஆனால் காட்டுக்குள் இல்லை. போர்ட் யூனியன் கரையோரப் பாதைக்குப் போங்கள். ஹைலண்ட் கிரீக் ஏரியில் விழும் இடத்திலிருந்து ரூஜ் ஆற்றின் முகத்துவாரம் வரை, ஒன்ராறியோ ஏரியை ஒட்டியே நாலு கிலோமீற்றருக்குக் கிட்டப் போகிறது. ஏற்ற இறக்கம் அதிகமில்லை, ஸ்ட்ரோலர் சுகமாக உருளும். முழுவதும் நடக்கத் தேவையில்லை. மாமி களைத்தால் அந்த இடத்திலேயே திரும்பலாம். முகத்துவாரத்தில் மணற்கரை, பக்கத்தில் சதுப்புநிலம், பிக்கறிங் பக்கம் கடக்க நடைபாலம் எல்லாம் உண்டு. மே மாதத்திலும் ஏரிக்காற்று குளிரும். மாமிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? கார் இல்லாமல் போகலாமா? (மோர்னிங்சைட்)

நுழைவு இலவசம். மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் ரி.ரி.சி. (நகரப் போக்குவரத்து) பஸ்ஸில் போய் அங்கே இறங்கினால் விஸ்ரா என்ற நடைபாதை பக்கத்தில். முகத்துவாரப் பக்கம் போக ரூஜ் ஹில் கோ ரயில் நிலையம் வசதி.

மாஸ்ட் பாதை 2.3 கிலோமீற்றர்தான் என்று போட்டிருந்ததை நம்பிப் போனோம். மூச்சு வாங்கிவிட்டது. அளவு பிழையா? (மால்வேர்ன்)

அளவு சரி தம்பி. அது ஒருவழித் தூரம். காரை ஒரு முனையில் விட்டால் திரும்பியும் வரவேண்டும் என்பதை எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் சரிவு. ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பாதை எவ்வளவு கஷ்டம் என்பதைக் கிலோமீற்றர் சொல்லாது. அது வெள்ளத்தளத்திலேயே, அதாவது ஆறு பெருகினால் தண்ணீர் ஏறும் தாழ்ந்த தரையிலேயே போகிறதா, மேட்டுக்கு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். தளத்தில் போகும் பாதை கால்களுக்குச் சுகம், ஆனால் மழைக்குப் பிறகு சேறு. மேட்டுப் பாதை சீக்கிரம் காயும், ஆனால் ஏறவேண்டும். மாஸ்ட் பாதை ட்வின் றிவேர்ஸ் வீதிப் பக்கமிருந்து மேடேறி, மேட்டு முதுகின் மேலாகப் போய், கிளென் ரூஜ் முகாம் பக்கம் இறங்குகிறது. சில இடங்களில் இரண்டு பக்கமும் பள்ளம். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாதைக்குப் பெயர் வந்ததும் மரத்தால்தான். ஏறத்தாழ 200 வருடங்களுக்கு முன் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி, பாய்க்கப்பல் பாய்மரத்துக்காக (ஆங்கிலத்தில் மாஸ்ட்) இந்த வழியாகத்தான் இழுத்துப் போனார்கள். நீங்கள் வெறும் தண்ணீர்ப் போத்தலோடு ஏறிய மேடு அது.

முதல்தரம் போகிறவர்களுக்கு நான் மாஸ்டைச் சொல்வதில்லை. விஸ்ராவில் தொடங்கச் சொல்வேன். ஒருவழிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர். இடையில் உள்ள பார்வை மேடையில் ஏறி நின்றால் லிட்டில் ரூஜ் ஓடை வெட்டிய பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதைப் பார்த்தவர்களுக்கு மற்றப் பாதைகளின் போக்கு தானாக விளங்கும்.

வீட்டு விலை இப்படி ஏறிக் கிடக்கும் ஊரில் இவ்வளவு காணியை ஏன் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள்? (பிக்கறிங்)

நல்ல கேள்வி ஐயா. யாரும் சும்மா விடவில்லை. முதலில் ஒரு புயல் விட வைத்தது, பிறகு சனங்கள் விட வைத்தார்கள்.

1954 ஒக்ரோபர் 15 இல் ஹேசல் புயல் ரொறொன்ரோவில் அடித்தது. ஏற்கெனவே மழையில் ஊறிப்போயிருந்த மண் மேலும் தண்ணீரைக் குடிக்கவில்லை, எல்லாம் ஆறுகளுக்குள் இறங்கியது. கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகுதான் ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் இயற்கைப் பாதுகாப்பு அதிகாரசபை 1957 இல் வந்தது. வெள்ளம் ஏறும் காணிகளை வாங்கி, அங்கே வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பள்ளத்தாக்குப் பூங்காக்களில் பல அப்படி வந்தவை.

ரூஜுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1972 இல் பிக்கறிங் விமான நிலையத்துக்கென்று மத்திய அரசு பெருமளவு காணியைக் கையகப்படுத்தியது. விமான நிலையம் வரவே இல்லை. அந்தக் காணியில் ஒரு பகுதி பிறகு பூங்காவோடு சேர்ந்தது. 2025 ஜனவரியில் அங்கே விமான நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசே அறிவித்துவிட்டது. இடையில், காட்டைக் காப்பாற்ற உள்ளூர்ச் சனங்கள் பல வருடங்கள் போராடியதால்தான் 2015 இல் இது தேசிய நகர்ப்புறப் பூங்காவாகச் சட்டத்தில் ஏறியது. இன்றைக்கு அளவு சுமார் 79 சதுர கிலோமீற்றர்.

இரண்டு நாள் மழை பெய்திருக்கு. நாளைக்குப் போகலாமா? (ஸ்காபுறோ)

ஆற்றோரத் தளத்துப் பாதைகளை விட்டுவிடுங்கள். நகரத்துத் தார், கூரை எல்லாவற்றிலும் விழும் தண்ணீர் நேரே ஓடைக்கு வருவதால் ஆறு சட்டென்று ஏறும். கரையின் அடிமண் கரைந்திருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. சேறு வந்தால் நடுவாலேயே நடங்கள். சப்பாத்து பழுதாகும் என்று ஓரத்தால் சுற்றினால், அடுத்த கிழமை பாதை இரண்டு மடங்கு அகலமாகி அங்கே முளைத்த செடிகள் போய்விடும். மே மாதத் தொடக்கத்தில் வெள்ளை டிரில்லியம் பூக்கிற இடங்களும் அந்த ஓரங்கள்தான்.

உண்ணி கடித்தால் என்ன செய்வது? அம்மா பயந்து எங்களை விடுகிறா இல்லை. (மார்க்கம்)

அம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு. லைம் நோயைக் காவும் கறுங்கால் உண்ணி ரூஜில் இருக்கிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கிவிடும், ஏப்ரலிலும் நவம்பரிலும் கவனம் வேணும். குஞ்சு உண்ணி கசகசா விதை அளவுதான். கறுப்பு ஜீன்ஸில் தெரியவே தெரியாது. அதனால் வெளிர்நிற நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியை மேசுக்குள் செருகுங்கள். கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. டீட் அல்லது இக்காரிடின் உள்ள பூச்சிவிரட்டி மருந்தைப் பூசுங்கள். புல்லுக்குள் இறங்காமல் பாதையின் நடுவால் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை ட்ரையரில் கூடிய சூட்டில் பத்து நிமிடம் போடவேண்டும். குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, தலைமுடி, காதின் பின்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்நுனிச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே மெதுவாக இழுங்கள். நெருப்பு, எண்ணெய், வாசலின் ஒன்றும் வேண்டாம். ஒட்டி 24 மணிநேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. அதற்கு மேல் இருந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தகத்திலேயே தடுப்பு மருந்து எழுதித் தரலாம். உண்ணியை எடுத்து மூன்று நாளுக்குள் போங்கள்.

மூன்று இலைச் செடி ஒன்று பட்டால் சொறியுமாமே? (அஜாக்ஸ்)

பொய்சன் ஐவி. மூன்று சிற்றிலை இருக்கும், நடு இலையின் காம்பு மற்ற இரண்டையும்விட நீளம். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இலை கொட்டிய தண்டிலும் அந்த எண்ணெய் இருக்கும்.

செப்ரெம்பரில் ஆற்றில் பெரிய பெரிய சமன் மீன் கண்டோம். பிடித்துக் கறி வைக்கலாமா? (மோர்னிங்சைட்)

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும்! 18 இலிருந்து 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் வேணும். கையால், வலையால் சமன் பிடிப்பது குற்றம். எந்த ஓடையில் எந்தக் காலம் திறந்திருக்கு என்பதை மாகாணத்தின் மீன்பிடி விதிகளில் பார்த்துவிட்டுத்தான் தூண்டில் எடுக்கவேண்டும்.

நீங்கள் கண்டது சினூக், பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். இந்த ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சமன், ஆலை அணைகளாலும் காடழிப்பாலும் 1890களின் முடிவில் அற்றுப்போனது. முட்டையிட ஏறிவரும் சினூக் சாப்பிடுவதை நிறுத்திவிடும், முட்டையிட்டதும் செத்துவிடும். அந்த நேரம் சதை வெளுத்துச் சொதசொதவென்று இருக்கும், ருசியும் இல்லை. ஹைலண்ட் கிரீக் கரையில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கறிக்குக் கடையில் வாங்குங்கள்.

கொயோட்டி (ஓநாய் மாதிரிக் காட்டு விலங்கு) வந்தால் ஓடலாமா? (ஸ்காபுறோ)

ஓடக்கூடாது. கையைத் தூக்கிப் பெரிதாக நின்று சத்தம் போட்டுப் பின்னால் நகருங்கள். நாய் கட்டிலேயே இருக்கட்டும்.

ஆறு தொடங்கும் இடத்திலிருந்து ஏரிவரை ஒரேயடியாக நடக்க ஆசை. வழி இருக்கா அண்ணா? (ரிச்மண்ட் ஹில்)

ஒரே தொடர் பாதை இல்லை தம்பி. ஆறு தொடங்குவது உங்கள் பக்கந்தான், ஓக் றிட்ஜஸ் மொறேய்ன் என்ற மேட்டில். பனிப்பாறைகள் விட்டுப்போன மணலும் சரளையும் சேர்ந்த மேடு அது. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, குளிர்ந்து, ஊற்றாக ஓடைகளுக்கு வருகிறது. கோடையில் ஓடை வற்றாமல் இருப்பது அதனால்தான். இடையில் நெடுஞ்சாலையும் தனியார் காணியும் குறுக்கே வரும். ஆகவே துண்டு துண்டாகப் போங்கள். ஒரு நாள் மொறேய்னில், அடுத்த நாள் மார்க்கம் பக்கத்து வயல்வெளிப் பாதைகளில், அப்புறம் விஸ்ரா, ஓர்ச்சர்ட், மாஸ்ட் என்று இறங்கி வந்து கடைசி நாளை முகத்துவாரத்துக்கு வையுங்கள். புறப்படுமுன் பூங்காவை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் இணையத்தளத்தில் எந்தப் பாதை மூடியிருக்கு என்று பாருங்கள். திருத்த வேலைக்காக அடிக்கடி மூடுவார்கள்.