பனிக்கட்டிக்கு அடியில் ஒரு வலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கனடாவில் கெனோராவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் ஒஜிப்வே பெண்ணின் அப்பா போன வாரம் இறந்துவிட்டார். இரங்கல் குறிப்பில் ‘மீன்பிடிப்பு, வேட்டை, குடும்பம், இவையே அவர் உலகம்’ என்று ஒரே வரி. நினைவுக் கூட்டத்தில் வாசிக்க என்னையும் அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னார். ஒரு சிவப்பிந்தியரின் வாழ்க்கை, அதுவும் முழுக்கப் பொழுதுபோக்கிலேயே கழிந்தது. என்ன எழுதுவது? துக்க வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்? வேட்டையைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ர., கெனோரா

அன்புள்ள ர.,

உங்களிடம் எழுதித் தரச் சொன்னார்கள் என்றால் உங்களை வீட்டு ஆளாக நினைக்கிறார்கள். அதற்காகவே இந்தப் பதில்.

முதலில், ‘சிவப்பிந்தியர்’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர்கள் ஒஜிப்வேக்கள். தங்களைத் தாங்களே அனிஷினாபே என்கிறார்கள். துக்க வீட்டுக்குச் சமைத்த உணவு கொண்டுபோங்கள், கொஞ்சம் புகையிலையும்; அங்கே அது காணிக்கை. மரபைப் பின்பற்றும் வீடுகளில் நான்கு நாள் நெருப்பு அணையாமல் காப்பார்கள். அதில் நீங்களாக எதையும் போடாதீர்கள். வேட்டை குறித்த உங்கள் தயக்கத்தை அந்த அரைப்பக்கத்தில் எழுத வேண்டாம். துக்கம் அவர்களுடையது.

என்னை உறுத்துவது ‘பொழுதுபோக்கு’. எத்தனை எளிதாக எழுதிவிட்டீர்கள்! நீங்கள் வேலை பார்க்கும் ஊர், அனிஷினாபேக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையிலான மூன்றாம் ஒப்பந்தத்தின் (Treaty 3) நிலத்தில் இருக்கிறது. 1873 அக்டோபர் 3 அன்று, உங்கள் ஊர் ஏரியான லேக் ஆஃப் த வுட்ஸின் வடமேற்கு மூலையில் கையெழுத்தானது. ஒப்படைத்த நிலம் முழுவதும் வேட்டை, மீன்பிடிப்பு என்ற தங்கள் ‘அவொகேஷன்’களை (avocations) தொடரும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது அது. இன்று அந்த ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்தால் பொழுதுபோக்கு என்ற பொருள் முன்னால் நிற்கும். அன்று அது பிழைப்பைக் குறித்தது. குடியேற்றத்துக்கும் சுரங்கத்துக்கும் மரம் வெட்டவும் எடுக்கும் நிலம் நீங்கலாக என்று கூடவே ஒரு வரி சேர்த்தார்கள். உரிமை அந்த வரி வழியாகத்தான் கரைந்துகொண்டே போனது. மிச்சமிருப்பதையும் நாம் பொழுதுபோக்கு என்று பெயர் சூட்டிப் பறிக்க வேண்டுமா?

பனிக்கட்டிக்கு அடியில் வலை விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி நான்கைந்து அங்குலம் உறைந்ததும் தொடங்குவார்கள். பனி கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் நம்பலாம். பால்போல் வெளுத்திருந்தால் பாதி பலம்தான், தடிமன் இரண்டு மடங்கு வேண்டும். ஆறு ஏரியில் சேரும் இடத்தையும் தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளையும் சுற்றித்தான் போகவேண்டும். நீரோட்டம் பனியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது.

இருபது அடி நீளக் கழி ஒன்று. அதைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளியில் நேர்வரிசையாகத் துளைகள். கழியின் வாலில் கயிற்றைக் கட்டி முதல் துளையில் நுழைத்து, கவட்டைக் குச்சியால் அடுத்த துளைக்குத் தள்ளுவார்கள். மரம் மிதப்பதால் பனியின் அடிப்பரப்பை ஒட்டியே நகரும். (இப்போது ‘ஜிகர்’ பலகை இருக்கிறது, கயிற்றைச் சுண்டினால் அதுவே முன்னேறிப் போகும்.) கடைசித் துளையில் கயிற்றை எடுத்து, அதைப் பிடித்து வலையை உள்ளே இழுக்கவேண்டும். அடிக்கமெக் என்னும் வெள்ளைமீனுக்கு, வலைக்கண்ணை விரித்து அளந்தால் நாலரை அங்குலம் வரும் செவுள்வலை.

தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். வலையின் மேல்கயிறு பனியைத் தொடக்கூடாது. பனி கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே போகும், தொட்ட வலையைத் தன்னோடு சேர்த்து உறையவைத்துவிடும். அதனால் அடியில் கனம் கட்டி வலையைத் தரையோடு நிறுத்துவார்கள். அடிக்கமெக் மேய்வதும் அங்கேதான். துளைகளின் மேல் மரக்கிளையும் பனித்தூளும் போட்டு மூடினால் மறுநாள் உடைக்க எளிது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் செத்த மீன் குழைந்துவிடும். வெளியே எடுத்த வலை மைனஸ் முப்பதில் கம்பிபோல் விறைக்கும், மடக்கினால் நூல் அறும். ஆகவே மீனைக் கழற்றும் விரல் வெறும் விரலாகவும் வேகமாகவும் இருக்கவேண்டும்.

வலையை எடுக்கும்போது ஒரு முனையில் நீளக் கயிற்றைக் கட்டிவிட்டு மறுமுனையிலிருந்து இழுப்பார்கள். வலை வெளியே வர வர அந்தப் பக்கம் கயிறு உள்ளே போகும். மீனைக் கழற்றியதும் அங்கே நிற்பவர் கயிற்றை இழுத்தால் வலை மறுபடி தன் இடத்துக்கே போய்ச் சேரும். இரண்டு துளை, இரண்டு ஆள். அந்த இரண்டாவது ஆள் பல வீடுகளில் மனைவி அல்லது மகள். இங்கே சேர்கிறது குடும்பம், ர.! அந்தக் காலத்தில் காட்டுச்செந்தட்டி நாரைத் திரித்து வலை பின்னியது பெண்கள். வலை விட்டதும் பெரும்பாலும் அவர்கள்தான். இரங்கல் குறிப்பில் இருக்கும் மூன்று சொற்களையும் நீங்கள் மூன்று விஷயங்களாகப் படித்துவிட்டீர்கள்.

பிள்ளைகளுக்கு முயல் கண்ணி. பித்தளைக் கம்பியில் முஷ்டி அளவு வளையம், பனியிலிருந்து நாலு விரல் உயரத்தில், இரு பக்கமும் குச்சி நட்டு. இரவில் புதுப்பனி விழுந்தால் வளையம் தாழ்ந்துபோகும், உயர்த்தாவிட்டால் முயல் அதைத் தாண்டிவிடும். முயல்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அதை மட்டுமே தின்று குளிர்காலத்தைக் கடக்க முயன்றால் வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் நலிந்துபோகும். பீவரின் வால் கொழுப்பு அதனால்தான் அத்தனை மதிப்புடையது. சிறுவனின் முதல் வேட்டையை வீட்டார் விருந்தாக்கி மூத்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள்.

உங்கள் ஊருக்கு வடக்கே கிராஸி நாரோஸ் என்ற ஒஜிப்வே ஊர் இருக்கிறது. 1962 முதல் 1970 வரை, ஆற்றின் மேல்பகுதியில் உள்ள டிரைடன் ஊரில் ஓர் ஆலை ஏறத்தாழ 9 டன் பாதரசத்தை ஆற்றில் கொட்டியது. வண்டலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி, அவர்கள் ‘ஒகா’ என்று விரும்பித் தின்னும் ‘வால்ஐ’ (walleye) மீனில் சேர்ந்தது. அது தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் கொழுப்பை நீக்கினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. 1970இல் அங்கே வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பயணிகளை ஏரிக்கு அழைத்துப்போகும் வழிகாட்டி வேலையும் கூடவே சரிந்தது. பொழுதுபோக்கு நின்றால் ஒரு சமூகம் இப்படி நொறுங்குமா, சொல்லுங்கள்.

அரைப்பக்கம் போதும். மகளிடம் கேளுங்கள்: அப்பா எந்த ஏரியில் வலை விட்டார், கண் எத்தனை அங்குலம், எந்த இடுக்கை எப்போதும் சுற்றிப் போவார், மறுதுளையில் யார் நிற்பார்கள். மறுதுளையில் நின்றவர் பெயரையும் எழுதுங்கள்.