விரல் மாட்டிக்கொள்கிறது

அன்புள்ள சார்,

எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். நாலு மாதமாகக் காலையில் எழுந்தால் வலதுகை மோதிர விரல் மடங்கியபடியே நிற்கிறது. இடதுகையால் பிடித்து இழுத்தால் ‘டக்’கென்று நிமிர்கிறது. மிஷின் வேலையால்தான் என்று நினைத்தேன். டாக்டரோ விரலைத் தொடுவதற்கு முன்னாலேயே, “வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா?” என்றார். அம்மாவுக்கு 20 வருடமாக இருக்கிறது. எனக்கு இல்லை, அதாவது பார்த்ததில்லை. அம்மாவின் சுகருக்கும் என் விரலுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், இன்னும் போகவில்லை.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ‘டக்’ எனக்கு நன்றாகத் தெரியும். என் கட்டைவிரலிலும் அது இருந்தது.

என் அப்பாவுக்கு நீண்ட காலச் சர்க்கரை. கற்பூரத் தட்டு வரும்போது அவர் கும்பிட்டால் விரல் நுனிகள் மட்டும் தொட்டுக்கொள்ளும். உள்ளங்கைகள் சேராமல் நடுவில் ஒரு கூடு மாதிரி நிற்கும். கும்பிடுவதே அப்படித்தான் போல என்று சின்ன வயதில் நானும் அதே மாதிரி கும்பிட்டுப் பழகினேன். அவருக்கு விரல்கள் நிமிரவில்லை என்பது ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. வலி இல்லாததால் அவரும் சொல்லவில்லை. டாக்டர்கள் இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார்கள்: கும்பிடச் சொல்லிப் பார்ப்பது.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால், அது தோலிலும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து தடித்து விறைக்கின்றன. விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கையில் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து போகிறது. வளையமோ நாணோ தடித்தால், நூலில் விழுந்த முடிச்சு ஊசிக் காதில் மாட்டுகிற மாதிரிதான். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டிரிக்கர் ஃபிங்கர் என்பார்கள். பொதுவாக நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் பத்து பேர் வரைக்கும் வருகிறது.

அப்படியானால் அம்மா எங்கே வருகிறார்? விரலை அவர் உங்களுக்குத் தரவில்லை. தந்திருக்கக்கூடியது சர்க்கரையை. மிஷின் வேலையும் காரணமாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர் 2005-இல், யாருக்குச் சர்க்கரை இருக்கும் அபாயம் அதிகம் என்று கணிக்க இந்தியர்களுக்காக ஒரு மதிப்பெண் கணக்கு போட்டார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் சர்க்கரை, இந்த நான்கும்தான். 35-இலிருந்து 49 வயதுக்கு 20. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. இடுப்பில் டேப்பை வைக்கும் முன்பே 60 ஆகிவிட்டது பாருங்கள். 60-க்கு மேல் போனாலும் சரி, 60 என்றாலும் சரி, அபாயம் அதிகம் என்கிறது அந்தக் கணக்கு. அந்த டாக்டர் விரலை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்டது இதனால்தான். நல்ல டாக்டர், அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நான் போன இடத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டைவிரலின் அடியில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 230. இறங்க நாலைந்து நாள் ஆனது. ஊசி தப்பான வைத்தியம் இல்லை, பலருக்குக் கேட்கிறது. சர்க்கரை இருந்தால் சில நாள் ஏற்றிவிடும், பலனும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதனால் ரிப்போர்ட் வந்த பிறகு ஊசியைப் பற்றிப் பேசுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டு அந்த வளையத்தை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது.

அப்புறம், அம்மா ராத்திரியில் எழுந்து கையை உதறுகிறாரா என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். ‘சுகர் நரம்பு’ என்று எல்லாவற்றுக்கும் சத்து மாத்திரை விழுங்குகிறோம். ஆனால் சர்க்கரையால் வரும் மரமரப்பு வழக்கமாகக் காலில்தான் தொடங்கும். கை மட்டும் மரத்தால் காட்டிவிடுவது நல்லது.

உங்களுக்கு எழுதிக் கொடுத்தது ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை என்றால் வெறும் வயிறு தேவையில்லை. 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை, நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.