89-ம் சங்கீதம் பாதியில திரும்புறது ஏன்?

வணக்கம் அண்ணே,
எங்க சர்ச்ல 89-ம் சங்கீதத்தோட முதல் வசனத்தை மட்டும் பாட்டா பாடுவோம், "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்"னு. போன வாரம்தான் முழுசா படிச்சேன். 38-லேருந்து கடவுளையே குத்தம் சொல்ற மாதிரி இருக்கு. இது ரெண்டு பேர் எழுதி ஒட்டுனதா? இப்படி கேக்குறது அவிசுவாசம் இல்லையா?
ஒரு வாசகர்

தம்பி,
வெவ்வேற காலத்துப் பாட்டுகளை சேர்த்துக் கட்டுனதுன்னு சொல்ற ஆய்வாளர்கள் இருக்காங்க, இருக்கட்டும். இப்ப கையில இருக்குற பாட்டுல முதல் பாதிய எடுத்துட்டா ரெண்டாவது பாதி வெறும் புலம்பல்தான்.

புரோநோட்டு கையில வச்சிருக்கவன்தான் வாசல்ல நின்னு சத்தமா கேப்பான். ஏத்தான் பேர்ல இருக்குற இந்தப் பாட்டு அதைத்தான் செய்யுது. 19-லேருந்து 37 வரைக்கும் தாவீது ராஜாவுக்கு 'உன் வம்சத்து சிங்காசனம் என்னைக்கும் நிலைக்கும்'னு குடுத்த வாக்கை கடவுளோட வாயாலயே சொல்ல வைக்குது, அதுல 30-லேருந்து 34-ஐ மெதுவா படிங்க: அவன் பிள்ளைங்க கட்டளைய மீறுனா மிலாறால அடிப்பேன், ஆனா என் கிருபைய விலக்க மாட்டேன், உதட்டால சொன்னதை மாத்த மாட்டேன். அதாவது 'நீங்க பாவம் பண்ணீங்க, அதான் கைவிட்டேன்'னு பின்னாடி சொல்ற வழிய அவரே அடைச்சுட்டாரு. சூரியன், சந்திரனையும் இழுத்து சொல்லியாச்சு.

அப்புறம்தான் 38. கிரீடத்தை தரையில தள்ளுனது, மதிலை இடிச்சது, சிங்காசனத்தை கவுத்தது, எல்லாம் நீர்தான்னு பாடுறவர் கடவுள்கிட்டயே அடுக்குறாரு. எந்த எதிரி ராஜா பேரும் கிடையாது. கி.மு. 587 வாக்குல பாபிலோன் எருசலேமை அழிச்சு தாவீது வம்சத்து ஆட்சி முடிஞ்சதோட நிறைய பேர் இதை சேர்த்துப் படிக்கிறாங்க, பொருத்தமாத்தான் இருக்கு. 51-ம் சங்கீதத்துல வர்ற மாதிரி பாவ அறிக்கை ஒரு வரி கூட இல்ல பாருங்க, 49-ம் வசனத்துல நேரா "உமது ஆதி கிருபைகள் எங்கே?"ன்னுதான் கேள்வி.

அவிசுவாசின்னா இவ்வளவு உரிமையா கேட்டிருக்க மாட்டான் தம்பி. "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு 26 வசனத்துலயும் சொல்ற 136-ம், இருட்டுலயே முடியுற 88-ம், இதுவும் ஒரே புத்தகத்துலதான இருக்கு, தொகுத்தவங்க எதையும் ஒளிச்சு வைக்கல.

52-ம் வசனத்துல வர்ற ஆமென்ஐ பாத்துட்டு பதில் கிடைச்சிருச்சுன்னு நினைச்சுராதீங்க. சங்கீத புத்தகத்தோட மூணாம் பாகம் (73-லேருந்து 89) முடியுற இடம் அது, 41, 72, 106-ம் சங்கீதங்களோட முடிவுலயும் இதே மாதிரி வரும். பாட்டு 51-ம் வசனத்துலயே, எதிரிங்க நிந்திக்கிறதோட நின்னுருது. அடுத்து மோசே பேர்ல இருக்குற 90-ம் சங்கீதத்தை படிங்க, அதுல 14-ம் வசனத்துல திரும்பவும் அதே கிருபையத்தான் கேக்குறாங்க.