அங்கோர் பயணம்: ஆடம்பர ஓட்டலில் எத்தனை இரவு?

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறோம். கம்போடியா போய் அங்கோர் கோயில்களைப் பார்ப்பது எங்கள் நெடுநாள் ஆசை. இதற்கென்றே 6,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். டூர் ஏஜென்ட் கொடுத்த பேக்கேஜ் 7,800 டாலர். விமானம் 1,600, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் ஆடம்பர ஓட்டல் 6 இரவு, இரவுக்கு 750++ வீதம் 4,500, விமான நிலைய வண்டி, இரவுச் சாப்பாடு, ஒரு நாள் கோயில் சுற்று, ஏரிப் படகு எல்லாம் சேர்த்து 1,700. குறையும் 1,800 டாலரை வட்டியில்லாத் தவணையில் 12 மாதம் கட்டலாம் என்கிறார். ஓய்வுக்கால டெபாசிட்டிலிருந்து எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். "தூங்கத்தானே ஓட்டல், சாதாரண அறை போதும்" என்கிறார் கணவர். எனக்கோ வாழ்க்கையில் ஒரு தடவையாவது அப்படி ஓர் ஓட்டலில் தங்கிப் பார்க்க வேண்டும். எது சரி?

பதில்: தவணை வேண்டாம். டெபாசிட்டையும் தொட வேண்டாம். ஆனால் அந்த ஓட்டலில் கட்டாயம் தங்குங்கள், 6 இரவு இல்லாமல் 2 இரவு. அந்த 2 இரவும் பயணத்தின் கடைசியில் வரட்டும். அப்படிச் செய்தால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகவே தங்கலாம், 6,000 டாலருக்குள் எல்லாம் முடிந்துவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 750-க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளைப் பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பது அதற்குப் பொருள். கம்போடியாவில் பெரிய ஓட்டல்கள் வழக்கமாக 10 சதவீதம் சேவைக் கட்டணம் போடுகின்றன. அதற்கு மேல் 10 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி, 2 சதவீதம் தங்கும் வரி. 750 டாலர் முதலில் 825 ஆகும், பிறகு வரிகள் ஏறி 924-க்கு வந்து நிற்கும். 6 இரவுக்கு 5,544 டாலர். ஏஜென்ட் காட்டியது 4,500. நடுவில் இருக்கும் 1,044 டாலர் அவருடைய தாளில் எங்கேயும் இல்லை. அறையைக் காலி செய்யும்போது ஓட்டல் கவுன்டரில் உங்களிடம்தான் கேட்பார்கள். ஆக, உங்களுக்குக் குறைவது 1,800 டாலர் இல்லை, 2,844 டாலர். பேக்கேஜ் பற்றி வேறு எதுவும் பேசுவதற்கு முன்பு, "எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தவணை. வட்டியில்லை என்று சொல்லும் திட்டங்களில் பிராசஸிங் கட்டணம் இருக்கும். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. மாதம் 150 டாலர் வீதம் 12 மாதம் கட்டப் போவது சம்பளம் நின்றுபோன பிறகு. ஓய்வின் முதல் ஆண்டில்தான் உங்கள் புதிய மாதச் செலவு எவ்வளவு என்பதே உங்களுக்குப் பிடிபடும். அந்த ஆண்டில் பழைய பயணத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டெபாசிட்டும் அப்படித்தான். 6 சதவீத வட்டியில் விட்டுவைத்தால் 1,800 டாலர் 12 ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஓய்வின் தொடக்கத்தில் எடுக்கும் பணம், பின்னால் பல ஆண்டுகள் உங்களுக்காக உழைக்க வேண்டிய பணம்.

சரி, உங்களுக்கும் கணவருக்கும் உள்ள வழக்குக்கு வருவோம். இருவர் சொல்வதும் சரிதான், வெவ்வேறு நாட்களுக்கு. கோயில் பார்க்கும் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கோர் வாட் விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடும். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் நாலரைக்கெல்லாம் அறையைவிட்டுக் கிளம்ப வேண்டும். பணம் கட்டிய காலை விருந்தை ஓட்டலில் விரித்து வைக்கும் நேரத்தில் நீங்கள் அகழியைத் தாண்டி உள்ளே நடந்துகொண்டிருப்பீர்கள். நடுப்பகலில் வெயில் தாங்காமல் திரும்பி வருவீர்கள். அப்போது தேவைப்படுவது ஏ.சி., சுத்தமான படுக்கை, கால் நனைக்க ஒரு சிறிய நீச்சல் குளம். மூன்று மணிக்கு மறுபடி வெளியே. இரவு எட்டரைக்குக் கண் சொருகும். இப்படிப்பட்ட நாளில் 924 டாலர் அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். சியம் ரீப்பில் இரவுக்கு 70 டாலர் வட்டத்தில் நீச்சல் குளத்தோடு நல்ல அறைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த நாட்களுக்குக் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

கோயில்கள் முடிந்த பிறகு நீங்கள் சொல்வதுதான் சரி. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், எங்கேயும் போகாமல், அந்தக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் கொடுத்த பணம் நீங்கள் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் திரும்பி வரும்.

எந்த ஓட்டல் என்று நீங்கள் எழுதவில்லை. பெயர்பெற்றவை இரண்டைச் சொல்கிறேன். ராஃபிள்ஸ் கிராண்ட் ஓட்டல் த'அங்கோர் 1932-இல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் திறந்தது. அங்கோரைப் பார்க்க வந்த முதல் தலைமுறைச் சுற்றுலாப் பயணிகளுக்காகவே கட்டியது. அமன்சாரா 1962-இல் அப்போதைய கம்போடியத் தலைவர் நொரோதம் சிகானுக் தன் விருந்தினர்களுக்காகக் கட்டிய மாளிகை, இப்போது 24 அறைகள் மட்டும் உள்ள ஓட்டல். அங்கே ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் சில உணவும் கோயில் சுற்றுக்கு வண்டியும் அந்த விலையிலேயே அடங்குவது உண்டு என்பதால், எது சேர்ந்தது எது தனி என்று கேட்ட பிறகே மற்ற ஓட்டல்களோடு ஒப்பிடுங்கள். வெறும் இரவு விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தவறாகும். என் விருப்பத்தைக் கேட்டால், இந்த வயதில், இந்த ஆசைக்கு, 1932-இன் அந்தப் பழைய கட்டடம். கடற்கரையிலோ பெருநகரத்திலோ பார்க்கக்கூடிய புத்தம்புது ஓட்டலைச் சியம் ரீப்பில் வந்து தேட வேண்டாம்.

இந்தப் பேக்கேஜில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது ஓட்டல் விலை இல்லை. இவ்வளவு தூரம் போய்க் கோயிலுக்கு ஒரே ஒரு நாள். அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. முதல் நாளுக்கு 37 கொடுத்த பிறகு, அடுத்த ஆறு நாளும் சேர்த்து 35 டாலர்தான். இந்தப் பயணத்தில் இதைவிட மலிவாக எதுவும் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. மூன்று நாள் சீட்டை 10 நாளுக்குள்ளும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் விரும்பிய நாட்களில் பயன்படுத்தலாம், தொடர்ந்து போக வேண்டும் என்றில்லை. கால் வலித்தால் ஒரு நாள் ஓய்வெடுக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அங்குள்ள காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்பதும் மனதுக்கு நிறைவு. அரசு நிறுவனமான அங்கோர் என்டர்பிரைஸிடம் மட்டும் வாங்குங்கள். சீட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், இன்னொருவருடையதை வாங்கிப் பயன்படுத்த முடியாது.

ஒரு நாள் சுற்று என்றால் அங்கோர் வாட், பேயோன், தா புரோம் மூன்றையும் ஓட்டமாக ஓடிக் காட்டிவிட்டு அழைத்து வந்துவிடுவார்கள். அங்கோர் வாட்டுக்கு மட்டுமே இரண்டு அரை நாள் வேண்டும். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் அது. மேற்கு பார்த்த வாசல் என்பதால் பிற்பகல் வெயிலில்தான் முகப்பு முழுவதும் ஒளிரும். சூரிய உதயத்துக்கு முண்டியடிக்கும் கூட்டம் பிடிக்காவிட்டால் மாலையில் போனாலே போதும். சுற்றுச் சுவரில் மேற்குப் பக்கம் குருச்சேத்திரப் போரும் இலங்கைப் போரும், கிழக்குப் பக்கம் சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சியும் செதுக்கியிருக்கிறார்கள். கதை தெரிந்த நம்மவர்களுக்கு ஒவ்வொரு முகமும் யார் என்று தேடிக்கொண்டே நடக்கும் சுகம் இருக்கிறது. அவசரப்பட்டால் அது கிடைக்காது.

அப்புறம் பந்தேய் ஸ்ரேய். ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பல பேக்கேஜ்களில் தூரத்தைக் காரணம் காட்டி விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். 967-இல் சிவனுக்காக எழுந்த சின்னக் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் செய்தாற்போன்ற நுணுக்க வேலை. அங்கே ஒரு கிழக்கு வாயிலின் முகப்பில் நடனமாடும் சிவனின் காலடியில் மெலிந்த பெண் உருவம் ஒன்று இருக்கிறது. அது காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கம்போடியா வரை போய் அதைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோயில் கிழக்கு நோக்கியது, காலையில் போங்கள்.

அதனால் ஓட்டலில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை உரிமம் பெற்ற நல்ல கைடுக்கும் ஏ.சி. காருக்கும் கொடுங்கள். டுக்-டுக் இன்னும் மலிவு, ஆனால் பந்தேய் ஸ்ரேய் போகும் நாளில் கார்தான் உங்கள் முதுகுக்கு நல்லது. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாமல் ஏற விடமாட்டார்கள், பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளத்தை மூடிவிடுவார்கள். முழங்கால் வலி இருந்தால் ஏறாமல் விடுவதில் குறையொன்றுமில்லை.

இப்போது முழுக் கணக்கு, இருவருக்கும் சேர்த்து, 7 இரவுக்கு. விமானம் ஏஜென்ட் சொன்ன 1,600 டாலரே இருக்கட்டும். சாதாரண ஓட்டல் 5 இரவு 350. அதே ஆடம்பர ஓட்டல் 2 இரவு, வரி உட்பட 1,848. ஏழு நாள் சீட்டு இரண்டு 144. கைடும் காரும் நாளுக்கு 100 என்று 4 நாளுக்கு 400. சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 வைத்து 8 நாளுக்கு 480. விமான நிலையம் போக வர 80. 2023-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம், பழையதைப் போலப் பக்கத்தில் இல்லை. ஓட்டல் வண்டிக்கு என்ன கட்டணம் என்று கேட்காமல் ஏறிவிடாதீர்கள். காப்பீடு 150, விசாவும் சில்லறைச் செலவும் 150. மொத்தம் 5,202. கையில் 798 டாலர் மிஞ்சும். அதைச் செலவழிக்கத் திட்டம் போடாதீர்கள், கைக்காவலாக இருக்கட்டும்.

மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அப்போது ஆடம்பர ஓட்டல்கள் விலையை நன்றாகக் குறைக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நெரிசல் காலம், அறை விலை உச்சத்தில் இருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்குத் தேதி கட்டாயம் இல்லை என்பதே பெரிய வசதி. ஜூன், ஜூலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை, காலையில் கோயில் பார்க்கலாம். ஏப்ரல் மட்டும் வேண்டாம், வெயில் கொடுமை.

கம்போடியாவில் உள்நாட்டு நாணயமான ரியெலோடு டாலரும் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு டாலர் ஏறக்குறைய 4,000 ரியெல், மீதிச் சில்லறையை ரியெலில் தருவார்கள். கிழிந்த, அழுக்கான டாலர் தாள்களை வாங்க மறுப்பார்கள் என்பதால் வங்கியிலேயே நல்ல தாளாகக் கேட்டு வாங்குங்கள். ஏ.டி.எம். ஒவ்வொரு தடவையும் சில டாலர் கட்டணம் பிடிக்கும், சிறிது சிறிதாக எடுக்காதீர்கள். கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி டாலரையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பெரிய ஓட்டல்கள் உள்ளே நுழையும்போதே முன்தொகையாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்திவைக்கும். அதற்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கும், கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். நிலைமை மோசமானால் நோயாளியைப் பாங்காக்குக்கு மாற்றுவது அங்கே வழக்கம் என்பதால், வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும் பாலிசியில் இருக்க வேண்டும். தாய்லாந்து எல்லையில் 2025 ஜூலையில் சண்டையே நடந்தது. எல்லைப் பகுதியில் இருக்கும் பிரியா விகார் கோயிலைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், தாய்லாந்திலிருந்து தரைவழியாக வரும் யோசனையும் வேண்டாம். போர், கலவரம் காரணமாகப் பயணம் நின்றால் பாலிசி பணம் தருமா என்பதையும் படித்துப் பாருங்கள், பல பாலிசிகள் தருவதில்லை. அதனாலேயே, விலை கொஞ்சம் கூடினாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை எடுக்கச் சொல்கிறேன்.

ஏஜென்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று நினைக்கிறேன். விமானத்தை மட்டும் அவரிடம் தனியாகப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஆடம்பர ஓட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதி, நீங்கள் வரும் தேதியைச் சொல்லி, 2 இரவுக்கு வரி உட்பட விலை கேளுங்கள். இது பணி ஓய்வுப் பயணம் என்பதையும் எழுதுங்கள். காலி அறை இருந்தால் மேல் தர அறைக்கு மாற்றித் தரும் ஓட்டல்கள் உண்டு.