பென்னி ரெட் அஞ்சல் தலையின் துளைப்பளவு 14ஆ, 16ஆ?

உங்களிடமுள்ள பென்னி ரெட்டின் (பிரிட்டனின் பழைய ஒரு பென்னி சிவப்பு அஞ்சல் தலை) இடப்பக்க விளிம்பில் 16 பற்களை எண்ணி, துளைப்பளவு 16தானா என்று கேட்டிருந்தீர்கள். அந்த எண்ணிக்கை துளைப்பளவு 16 என்பதைக் காட்டவில்லை. உங்கள் பென்னி ரெட் பெரும்பாலும் 14தான்.

துளைப்பளவு என்பது 2 செ.மீ. நீளத்துக்குள் அடங்கும் துளைகளின் எண்ணிக்கை. இந்தத் தலையின் உயரம் ஏறக்குறைய 2.4 செ.மீ. என்பதால் முழு விளிம்பையும் எண்ணும்போது கணக்கு கூடிவிடுகிறது; உண்மையிலேயே 16ஆக இருந்தால் அங்கே 19 பற்களாவது தென்படும். மில்லிமீட்டர் அளவுகோலை விளிம்போடு பொருத்தி, ஒரு துளையின் நடுவில் தொடங்கி 2 செ.மீ. வரை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

செம்பழுப்பா, ரோஜாச் சிவப்பா என்ற உங்கள் ஐயத்துக்கு முகப்பைவிடப் பின்புறமே நல்ல சாட்சி. மையிலிருந்த வேதிப்பொருளால் தாளில் நீலச்சாயல் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் 1857க்கு முந்தைய செம்பழுப்பு. வெள்ளைத் தாளில் அமைந்த ரோஜாச் சிவப்பு அதற்குப் பிந்தையது. மஞ்சள் விளக்கொளியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

1854இல் 16ஆகத் தொடங்கிய துளைப்பு, தலைகள் அச்சிட்ட முழுத் தாள்கள் மிக எளிதில் பிரிந்துவிட்டதால் 1855இல் 14ஆனது. எனினும் 1857 வாக்கில் 16 மீண்டும் சிறிது காலம் வந்ததால், துளைப்பை மட்டும் கொண்டு ஆண்டை உறுதிசெய்யாதீர்கள், நீர்க்குறியையும் (தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான அடையாளம்) பாருங்கள்.