புயலில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியில் மோட்டார் ஓட்ட முடியுமா?

கேட்டவர் வியாசர்பாடியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். வீட்டில் 900 விஏ (எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு) இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் (ஆம்பியர் மணி, எவ்வளவு சேமிக்கும் என்ற அளவு) பேட்டரி ஒன்றும் இருக்கின்றன. மழையில் கரண்ட் போகும்போது அதை வைத்தே சம்ப் மோட்டாரை (கீழ்த் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது) ஓட்டலாமா, உள்ளே புகுந்த தண்ணீரை இறைக்கலாமா என்று கேட்கிறார். பேட்டரியைப் பெரிதாக்க வேண்டுமா என்றும் ஒரு சந்தேகம்.

நான் பட்டாளம் பகுதியில் குடியிருக்கிறேன். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்தின் நிலைமை வட சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் அதே 900 விஏ, அதே 150 ஏஹெச்தான் என்னிடமும் இருந்தது. மிக்ஜாம் புயலின்போது நீங்கள் கேட்பதைச் செய்துபார்த்து ஒரு மோட்டாரைக் கெடுத்தேன்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே கரண்ட் இல்லை. எட்டு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டாரைக் கழற்றி, ஹோஸ் மாட்டி, இன்வெர்ட்டரில் சொருகினேன். கீய்ங் என்று கத்திவிட்டு இன்வெர்ட்டர் அணைந்தது. மூன்று தடவை அப்படியே. நாலாவது தடவை மோட்டார் சுற்றாமல் உறுமியது, பிறகு டப்பென்று மோட்டாரைக் கிளப்பும் கண்டென்சர் போய்விட்டது. எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருடம் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டியவர். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நைனா, அது இத்த இழுக்காதுபா. மோட்டார் எரியறதுக்குள்ள வுட்டுடு" என்றார். முதல் தடவையே சொல்லியிருக்கலாம்.

அவர் அப்புறம் விளக்கியது இது. 1 ஹெச்பி என்றால் 746 வாட். அது மோட்டாரின் தண்டு கொடுக்கும் சக்தி. கரண்டிலிருந்து அது இழுப்பது ஆயிரம் வாட்டுக்கு மேல். 900 விஏ இன்வெர்ட்டர் சுமார் 700 வாட் தரும், அவ்வளவுதான். இது ஓடும்போது உள்ள கணக்கு. கிளம்பும் அந்த ஒரு நொடியில் மோட்டார் நாலைந்து மடங்கு ஆம்பியர் கேட்கும். அரை ஹெச்பி மோட்டார்கூட ஓடும்போது 550, 600 வாட் எடுத்தாலும், கிளம்பும்போது இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் உங்கள் இன்வெர்ட்டரில் அரை ஹெச்பியும் சந்தேகம்தான். கரண்டைச் சீரான அலையாகத் தராத ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டர் என்றால் மோட்டார் சூடாகும், உறுமும். பக்கத்துத் தெருவில் ஒருவர் 2 கேவிஏ (2,000 விஏ) சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி, அரை ஹெச்பி மோட்டார் என்று வைத்திருக்கிறார். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பேட்டரியும் இன்வெர்ட்டருமாக 40,000 ரூபாயை ஒட்டிச் செலவானது அவருக்கு.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் பார்த்துவிடலாம். 12 வோல்ட், 150 ஏஹெச் என்றால் 1,800 வாட் மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். அந்த 150 என்பதும் இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. அரை ஹெச்பி மோட்டாரைப் போட்டால் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் போகும், அப்போது சீக்கிரமே இறங்கிவிடும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. லித்தியம் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் பயமில்லாமல் எடுக்கலாம், விலைதான் இடிக்கும்.

நம்ம ஊரில் ஒரு மணி நேரம் போதாது. ஏன் என்றால், இங்கே காற்றில் கம்பி அறுந்து கரண்ட் போவது மட்டுமில்லை. தெருவில் இருக்கும் பில்லர் பாக்ஸை, அதாவது வீடுகளுக்குக் கரண்ட் பிரியும் பெட்டியை, தண்ணீர் தொட்டுவிட்டால் ஷாக் அடித்து யாராவது சாகக்கூடாது என்று மின்வாரியமே நிறுத்தி வைக்கிறது. அது சரியான காரியம், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் தண்ணீர் வடிந்தால்தான் கரண்ட் வரும். அதாவது தண்ணீர் நிற்கும் வரைக்கும் கரண்ட் இருக்காது. மிக்ஜாமில் திங்கட்கிழமை போன கரண்ட் எங்களுக்குப் புதன்கிழமை சாயந்திரம்தான் வந்தது. சம்ப் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் சம்ப் பம்ப் என்றால் வீட்டின் நிலவறையில் குழி தோண்டி, ஊறும் நீரை வெளியே தள்ளும் பம்ப். அதற்கென்றே பேட்டரியோடு விற்கிறார்கள். நமக்கு சம்ப் என்றால் மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் தொட்டி. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் சம்ப் மோட்டாரை நினைத்தால் குழப்பம்தான் வரும்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டும் வேறு வேறு வேலை. மாடித் தொட்டிக்கு ஏற்ற 30, 40 அடி உயரம் தள்ள வேண்டும். கூடத்துத் தண்ணீரை வாசற்படி தாண்டி ஊற்ற 3 அடி போதும். 40 அடிக்குச் செய்த மோட்டாரை 3 அடிக்கு ஓட்டுவது, முட்டைக்கோஸ் வாங்க லாரி கொண்டுபோவது மாதிரி. நான் அதுவரை பேட்டரியைப் பெரிதாக்குவது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மோட்டாரைச் சின்னதாக்கலாம் என்று எனக்குச் சொன்னவன் காசிமேட்டில் படகு வைத்திருக்கும் என் மச்சான். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்க 12 வோல்ட் டிசி (பேட்டரி கரண்டில் ஓடும்) பம்ப் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடும், நேராக பேட்டரியில் மாட்டலாம், இன்வெர்ட்டரே வேண்டாம்.

நான் வாங்கியது ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கிறது, அதாவது 50 வாட். ஒரு டேபிள் ஃபேன் அளவு. பெட்டியில் போட்டிருந்த லிட்டர் கணக்கை நம்பாமல், 3 அடி உயரத்தில் ஹோஸைப் பிடித்து 20 லிட்டர் கேனை நிரப்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து விநாடி ஆனது. நிமிடத்துக்கு 34 லிட்டர். 400 சதுர அடி தரையில் அரை அடி தண்ணீர் என்றால் சுமார் 5,600 லிட்டர். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பேட்டரியில் 12 ஏஹெச்கூடச் செலவாகாது. இதே பேட்டரியின் பாதியில் 18 மணி நேரம் ஓட்டலாம். மெதுவாகத்தான் இறைக்கும், ஆனால் ராத்திரி முழுக்க இறைக்கும். நீங்கள் தண்ணீரில் நின்றுகொண்டு வேலை செய்யும்போது கையில் இருப்பது 12 வோல்ட், 230 இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

சங்கடங்களும் உண்டு. பாலித்தீன் கவர், முடி, துணி நூல் சிக்கினால் நின்றுவிடும். பழைய பெயின்ட் பக்கெட்டின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, பம்பை அதற்குள் வைத்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பம்ப் பெட்டியில் சொன்ன அளவு பியூஸ் போட வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே தவிர, ஷார்ட் ஆனால் வயரைக் கொளுத்திவிடும். வயர் நீளமாகப் போகிறதென்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். உங்கள் இன்வெர்ட்டர் இரண்டு பேட்டரியில் ஓடும் 24 வோல்ட் வகையாக இருந்தால், அதில் ஒன்றிலிருந்து மட்டும் பம்புக்கு எடுக்காதீர்கள், ஜோடி கெட்டுவிடும். உங்களிடம் இருப்பது ஒன்றுதான், பிரச்சினையில்லை.

இதெல்லாம் தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகுதான். எங்கள் வீட்டில் முதல் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, குளியலறை ஓட்டை வழியாக வந்தது. தெருச் சாக்கடை நிரம்பியதும் கக்கூஸ் கோப்பையிலும் பொங்கியது. தெருத் தண்ணீரின் மட்டம் வீட்டுத் தரைக்கு மேலே இருக்கும்போது நீங்கள் எவ்வளவு இறைத்தாலும் அது திரும்ப வரும். இப்போது ஓட்டையில் துணிப்பந்தை அழுத்தி மேலே மணல் மூட்டை வைக்கிறோம், வாசலிலும் நாலு மூட்டை. கசிவு மட்டும் வருகிறது, அதற்குச் சின்ன பம்ப் போதும். ஹோஸை அடுத்த வீட்டு மதில் பக்கம் திருப்பிவிட்டால் வரும் சண்டைக்கு எந்த பேட்டரியும் உதவாது.

சம்ப் மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்தில் அதை ஓட்டவே நினைக்காதீர்கள் என்பேன். மூடி வழியாகச் சாக்கடைத் தண்ணீர் சம்பில் இறங்கியிருந்தால், அதை மாடித் தொட்டிக்கும் ஏற்றி இரண்டையும் நாசமாக்குவீர்கள். மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் சம்ப் முழுவதையும் இறைத்து, தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ இரண்டு நாள் ஆனது. அதன் வாயை ஒன்றரை அடி செங்கல் வைத்து உயர்த்திவிட்டேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே, மேல் தொட்டியை நிரப்பிவிடுகிறோம். அம்மா குடத்தையும் விடுவதில்லை.

சிலர் ஜெனரேட்டர் சொல்வார்கள். வாடகைக்குக் கிடைத்தால் சரி, ஆனால் வீட்டுக்குள்ளோ படிக்கட்டுக்கு அடியிலோ வைத்து ஓட்டாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். மாடியில் சோலார் இருந்தாலும், மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத ஆன் கிரிட் வகையானால் கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில் இந்த ஏற்பாட்டை முதல் தடவை நிஜமாகவே ஓட்டினோம். மதியம் கரண்ட் போனதும் போட்டோம், இரவு பத்து மணி வரை விட்டு விட்டு ஓடியது. கூடவே ஒரு ஃபேனும் இரண்டு எல்இடி விளக்கும். நிறுத்திய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தபோது பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. பாதிக்கு மேல் மீதி இருந்தது. எதிர் வீட்டுப் பெரியவர் வந்து பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பொம்ம மாரி கீது, வேல செய்யுதே" என்றுவிட்டுப் போனார்.

ஆக, உங்கள் 900 விஏ இன்வெர்ட்டரை மாற்ற வேண்டாம். பேட்டரிதான் இப்போது எங்கே இருக்கிறது? மிக்ஜாமில் என்னுடையது செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது, மதியத்துக்குள் அதுவும் முழுகியது. இப்போது இன்வெர்ட்டரோடு சேர்த்து மாடிப்படித் திருப்பத்தில், காற்று வரும் இடத்தில் வைத்திருக்கிறேன். உங்களுடையதையும் ஐப்பசிக்குள் மேலே ஏற்றிவிடுங்கள். ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே ஆசிட் வேறு, சாய்க்கக்கூடாது. இரண்டு பேர் தூக்குங்கள். நான் தனியாகத் தூக்கிவிட்டுப் பத்து நாள் நிமிர முடியாமல் கிடந்தேன்.