யார் கேட்கும் கேள்வி, யாருடைய எண்? பூர்வகுடி ஆய்வுகள் குறித்துக் கேள்வி பதில்

பூர்வகுடி மக்களின் உடல்நலம், கல்வி, பொருளாதாரம் பற்றிய ஆய்வுகள் குறித்து வாசகர் வட்ட உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பொதுச் சுகாதாரப் புள்ளியியலில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள்.

‘பழங்குடி’, ‘பூர்வகுடி’ இரண்டும் ஒன்றா? சிங்கப்பூரின் பூர்வகுடிகள் யார்? (ஆசிரியர், ஈசூன்)

முழுக்க ஒன்றல்ல. இந்தியாவில் ‘பழங்குடியினர்’ என்பது அரசாங்கப் பட்டியலைச் சார்ந்த சொல். பிறர் வந்து குடியேறுவதற்கும் ஆட்சியமைப்பதற்கும் முன்பே ஒரு நிலத்தில் வாழ்ந்தவர்களைப் பூர்வகுடிகள் என்கிறோம். நமது அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களைச் சிங்கப்பூரின் பூர்வகுடி மக்கள் என்று குறிப்பிடுகிறது. சிலேத்தார் ஆற்றின் சதுப்புநிலக் காடுகளில் படகிலேயே குடும்பம் நடத்திய ஓராங் சிலேத்தார் மக்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று ஜொகூர்க் கரையில் வாழ்கிறார்கள். மலேசியா அவர்களைத் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியின் 18 பிரிவுகளில் ஒன்றாகக் கணக்கிடுகிறது. இங்கே அவர்களுடைய பெயர் சிலேத்தார் விமான நிலையத்தில் இருக்கிறது.

ஐயா, உடல்நல இடைவெளி உண்மையில் எவ்வளவு பெரியது? (தாதி, செங்காங்)

நாட்டுக்கு நாடு வேறுபடும். 23 நாடுகளைச் சேர்ந்த 28 மக்கள் குழுக்களை ஆராய்ந்து 2016இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பெரும்பாலான குழுக்களில் ஆயுட்காலம் குறைவாகவும் சிசு மரணம் கூடுதலாகவும் இருப்பதைக் காட்டியது. ஆனால் நாடு செல்வந்த நாடாக இருந்தால் இடைவெளி சிறிதாக இருக்கும் என்ற நம் எதிர்பார்ப்பு அதில் நிறைவேறவில்லை. ஆஸ்திரேலியாவையே பாருங்கள்: 2020–2022 கணக்கின்படி, அங்குள்ள பூர்வகுடி ஆண்களின் ஆயுட்காலம் 71.9 ஆண்டுகள், பெண்களுக்கு 75.6. மற்றவர்களைவிட இது முறையே 8.8, 8.1 ஆண்டுகள் குறைவு.

ஒரு நாடு இந்த இடைவெளியைக் கணக்கிட வேண்டுமானால், இறந்தவர் பூர்வகுடியா என்பது இறப்புப் பதிவில் இருக்க வேண்டும். அந்தக் கட்டமே இல்லாத நாடுகளில் இடைவெளி தென்படாது. தென்படாததை இல்லாததாக எடுத்துக்கொள்ளும் அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

ஆய்வாளர்களிடம் இம்மக்களுக்கு ஏன் இவ்வளவு அவநம்பிக்கை? (ஆய்வகப் பணியாளர், ஜூரோங் வெஸ்ட்)

ஒரு வழக்கைச் சொன்னால் போதும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் மக்களிடையே நீரிழிவு நோய் கடுமையாக இருந்ததால், 1990களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். 2003இல் அந்த இனத்துப் பெண் ஒருவர், அதே பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்ட ஆய்வுரை ஒன்றைக் கேட்க உட்கார்ந்திருந்தபோதுதான், தம் மக்களின் ரத்தம் நீரிழிவுக்குத் தொடர்பில்லாத ஆய்வுக்கும் பயன்பட்டிருப்பது தெரியவந்தது. எழுந்து, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். மனச்சிதைவு நோய், உறவுமுறைத் திருமணம், அம்மக்களின் முன்னோர் எங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள் என்பன போன்றவற்றுக்கெல்லாம் அதே மாதிரிகள் போயிருந்தன. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்கு எதிரான முடிவை அவர்களுடைய ரத்தத்தைக் கொண்டே எழுதியது எவ்வளவு பெரிய காயம் என்பதை எண்ணிப் பாருங்கள். 2010இல் பல்கலைக்கழகம் 700,000 அமெரிக்க டாலர் இழப்பீடு தந்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஆய்வாளர்களிடம் இருந்ததே என்று வாதிடுவோர் உண்டு. படிவத்தின் வாசகம் பரந்ததாக இருந்தது உண்மைதான். ஆனால் கேட்கும்போது நீரிழிவு என்று சொல்லிவிட்டுப் பிறகு வாசகத்தைக் காட்டுவதை நான் ஒப்புதல் என்று ஏற்க மாட்டேன்.

வறுமையை எப்படி அளக்கிறார்கள்? (கணக்காளர், பீஷான்)

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, உலக மக்கள்தொகையில் சுமார் 6 விழுக்காடாக உள்ள பூர்வகுடிகள், கடும் வறுமையில் வாடுவோரில் ஏறத்தாழ 19 விழுக்காடாக இருக்கிறார்கள். இந்த எண் தேவையானதே. இருந்தாலும் அதன் அடியில் இருக்கும் படிவத்தையும் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஜொகூர்க் கரையில் ஒரு பலகை வீட்டின் படியில் உட்கார்ந்து, “மாத வருமானம் எவ்வளவு அம்மா?” என்று மலாயில் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, “எந்த மாதம்?” என்றார். அன்று பிடித்த நண்டில் பாதி, அதை விலைக்கு வாங்கும் முதலாளியான தௌக்கேயிடம் போயிருந்தது, கொஞ்சம் தங்கை வீட்டுக்கு, மீதி அடுப்பில். என் படிவத்தில் ரிங்கிட்டுக்கு மட்டுமே இடம் இருந்ததால் தௌக்கே கொடுத்ததை மட்டும் எழுதினேன். தங்கை வீட்டுக்குப் போன நண்டும், நண்டு வளரும் சதுப்புநிலமும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. நாளை அந்தச் சதுப்புநிலத்தைத் தூர்த்து, அவருக்குச் சம்பள வேலை ஒன்று கொடுத்தால், என் படிவத்தின்படி அவர் முன்னேறியவராகிவிடுவார்.

கல்வியில் நல்ல முன்னுதாரணம் உண்டா? (பாலர்பள்ளி ஆசிரியை, பொங்கோல்)

உண்டு. நியூசிலாந்தில் 1982இல் மாவோரி மக்கள் தொடங்கிய ‘கோஹங்கா ரியோ’ பாலர்பள்ளிகளைப் பற்றிப் படியுங்கள். அந்தப் பெயருக்கு மொழிக்கூடு என்று பொருள். பாட்டிமாரும் தாத்தாமாரும் குழந்தைகளோடு மாவோரியில் மட்டுமே பேசுவார்கள். வீட்டில் தமிழ் குறைந்துவருவதைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொடக்கக்கல்லூரித் திட்டப்பணிக்காக ஒரு பூர்வகுடிக் கிராமத்தில் கருத்தாய்வு நடத்தலாமா? (மாணவி, அங் மோ கியோ)

வேண்டாம், தங்கையே. ஆறு வாரத் திட்டப்பணிக்கு ஒரு கிராமத்தின் நேரத்தைக் கேட்பது அதிகம். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தங்களை ஆய்வு செய்ய வருவோருக்காக 2017இல் தாங்களே வகுத்த நெறிமுறையை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே வெளியான இரண்டு ஆய்வுகளை அதன்படி சோதித்துப் பாருங்கள்: கேள்வியை யார் முடிவு செய்தார்கள், முடிவுகளை அம்மக்களுக்கு யார், எந்த மொழியில் சொன்னார்கள்? பெரும்பாலும் கட்டுரையின் வழிமுறைப் பகுதியிலேயே விடை இருக்கும். இல்லையென்றால், அதையே உங்கள் முதல் முடிவாக எழுதுங்கள்.